நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்

என் மனைவியின் தம்பி வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் யாருக்கும் பயன்படாத ஒரு பொருளைக் கொண்டுவருவான். ஒரு தடவை முட்டை வேகவைப்பதற்கென்றே ஒரு மிஷின். இன்னொரு தடவை குளிருக்குக் காதை மூடும் கம்பளிப் பட்டை. பெசன்ட் நகர் வெயிலில் அதை யார் மாட்டிக்கொள்வது என்று அவனுக்குத் தோன்றவில்லை. போன வருடம் வந்தது மெட்டல் டிடெக்டர். நீளமான கம்பு, அடியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம், கைப்பிடிக்குப் பக்கத்தில் எண் காட்டும் சின்னத் திரை. இரண்டு நாள் காலையில் எலியட்ஸ் பீச்சில் அதை ஆட்டிக்கொண்டு நடந்தான். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் விமானம் ஏறிவிட்டான். பெட்டியில் இடமில்லை என்று மிஷினை என்னிடம் விட்டுப் போனான். நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் இடம் இருந்தது.

நான் முப்பத்தோரு வருடம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். மற்றவர்கள் செய்ததைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வதுதான் என் உத்தியோகம். அதைத் திறமையாகச் செய்தேன். என் மேஜைக்கு வரும் தட்டில் பத்து உருப்படி இருந்தால், கையில் எடுப்பதற்கு முன்னாலேயே எது தேறாது என்று எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு வேண்டாம் என்று சொல்ல வீட்டில் சாம்பாரையும் டிவி விவாதத்தையும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் அந்த மிஷினை எடுத்தேன். புதையல் ஆசையெல்லாம் இல்லை. அவனால் முடியாததை நான் செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கூடவே வந்த புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே 'உங்கள் புதிய நண்பனுக்கு வாழ்த்துகள்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். மூடிவிட்டேன். நான்கு பட்டன் உள்ள ஒரு சாமானைக் கற்றுக்கொள்ள எனக்கு நண்பன் தேவையில்லை. யூடியூபில் பார்த்தால் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் வயலில் மண்டியிட்டு, ஒரு பழைய சட்டைப் பொத்தானைத் தோண்டியெடுத்துக் கண்கலங்குகிறார்கள். அதையும் மூடிவிட்டேன்.

முதல் நாள் காலையில் மணலில் இறங்கியதும் மிஷின் கத்த ஆரம்பித்தது. வலது பக்கம் ஆட்டும்போதெல்லாம் கத்தல். பீச் முழுக்க இரும்பு புதைத்து வைத்திருக்கிறார்கள் போல என்று ஆறு இடத்தில் தோண்டினேன். ஒன்றும் இல்லை. ஏழாவது குழியை வெட்டும்போதுதான் என் ஷூவில் கயிறு கோர்க்கும் துளைகளைச் சுற்றி இரும்பு வளையம் இருப்பதைப் பார்த்தேன். சட்டைப் பையில் செல்போன் வேறு. அரை மணி நேரமாக மிஷின் என்னைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் என்னைச் சுற்றி நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எலியட்ஸ் பீச்சில் காலையில் நடப்பவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. பத்து நிமிடம் நடந்துவிட்டு அரை மணி நேரம் அருகம்புல் சாறு குடிப்பார்கள். "புதையலா சார்?" என்று ஒருவர் கேட்டார். "இல்லை, உங்க மூளை இங்கே எங்கியோ விழுந்துச்சுன்னு சொன்னாங்க" என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், அவர் நகர்ந்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து ரப்பர் செருப்போடு போனேன். இரண்டு வாரத்தில் சத்தங்கள் பிடிபட்டன. ஆணிக்கு அடித்தொண்டையில் ஒரு உறுமல், எண் இருபதைத் தாண்டாது. பிள்ளையார் சதுர்த்தி முடிந்த நேரம் அது. கரைத்த பிள்ளையார்களின் கம்பியும் ஆணியும் அலையோடு வந்து மணலில் குவிந்திருந்தன. சோடா மூடி ஒரு பித்தலாட்டக்காரன்: எண் முப்பது, எழுபது, நாற்பத்தைந்து என்று குதிக்கும், நிலையாக ஒரு பேச்சு பேசாது. நம்முடைய ஒரு ரூபாய் நாணயத்தை மிஷின் மதிக்கவே இல்லை, ஆணி என்றே சொன்னது. வெளிநாட்டு மிஷின்கூட அப்படித்தான் நினைக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். ஈரமணலில் உப்பே சிணுங்கும். அங்கே அதை நம்பக் கூடாது.

நடுவில் இருப்பவைதான் தலைவலி. நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் மென்மையாக, தெளிவாக ஒரு மணியோசை வரும். ஆசையாகத் தோண்டினால் மாத்திரை அட்டையின் தகடு, பிரியாணி பொட்டலத்தின் வெள்ளிக்காகிதம், டின் குளிர்பானத்தைத் திறக்கும் வளையம். பீச்சுக்கு வந்து தின்றுவிட்டுப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் அத்தனை குப்பையும் அந்த இருபது எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாலையில் பஜ்ஜிக் கடைப் பக்கம் வரும் கூட்டத்தைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு சோதனை செய்தேன். பூஜை அலமாரியிலிருந்து வெள்ளி டம்ளரை எடுத்து மொட்டைமாடியில் வைத்து மிஷினைக் காட்டினேன். கணீரென்று தொண்ணூற்றிரண்டு. இரும்பு இருபது, அலுமினியத் தகடு ஐம்பது, வெள்ளி தொண்ணூற்றிரண்டு. கணக்கு தெளிவாக இருந்தது: பொருளுக்கு மதிப்பு ஏற ஏற எண்ணும் ஏறுகிறது. வெள்ளியே தொண்ணூற்றிரண்டு என்றால் தங்கம் அதற்கும் மேலேதான் இருக்க வேண்டும். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தங்கத்தை வைத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை.

மிஷினில் ஒரு வசதி உண்டு. வேண்டாத எண்களுக்கு வாயடைத்துவிடலாம். அந்தப் பொருள் அடியில் இருந்தாலும் சத்தம் வராது. பட்டனை அழுத்தி நாற்பது முதல் அறுபது வரை மொத்தமாக அடைத்தேன். மறுநாள் பீச் அமைதியாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு மறுபடியும் என் மேஜையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அந்த வாரம்தான் மீன்காரம்மா என்னைக் கூப்பிட்டாள். பீச்சின் வடக்குக் கோடியில் மீனவர் குப்பம். அங்கே படகுகளை ஏற்றி நிறுத்தும் மணலில் அலுமினிய அன்னக்கூடையில் மீன் வைத்து விற்பவள். நாற்பது வயது இருக்கும். என் மனைவி பதினைந்து வருடமாக அவளிடம்தான் சங்கராவும் நெத்திலியும் வாங்குகிறாள். நான் அவளிடம் அதுவரை பேசியது "சுத்தம் பண்ணிக் குடு" என்பது மட்டும்தான்.

"சார், அந்தக் குச்சிய வச்சிக்கினு சுத்துறியே, அது தங்கம் காட்டுமா?" என்றாள்.

"இருந்தால் காட்டும்" என்றேன்.

விஷயம் இதுதான். முந்தின நாள் விடியலில் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது அவளுடைய தாலிக்கயிறு நைந்து அறுந்துவிட்டது. கயிற்றில் கோர்த்திருந்த தங்கக் குண்டுமணி ஒன்று ரவிக்கைக்குள் சிக்கிக் கிடைத்தது. தாலி கிடைக்கவில்லை. அவளும் பக்கத்துப் பெண்களும் சல்லடை போட்டுச் சலித்தும் பார்த்துவிட்டார்கள். கழுத்தில் புது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டியிருந்தாள். வீட்டில் அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை என்பதுதான் உண்மையான பிரச்சினை. அவளுடைய அண்ணன் படகுக்கு இன்ஜின் வாங்க அலைந்துகொண்டிருந்தானாம். தாலியை அவனிடம் கொடுத்துவிட்டு மணலில் விழுந்தது என்று கதை கட்டுகிறாள் என்று மாமியார் சொல்ல, புருஷனும் வாயை மூடிக்கொண்டிருந்தான். மாமியாரும் அங்கேயே நாலடி தள்ளி உட்கார்ந்து கருவாடு விற்பவள்தான். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"மண்ணுலதான் சார் கீது. நீ எடுத்துக் குடுத்தீன்னா இவங்க வாய் அடங்கும்" என்றாள் மீன்காரம்மா.

எனக்கு உள்ளுக்குள் குஷி. இத்தனை பேர் சல்லடையோடு முட்டி மோதிய இடத்தில் முறையாகத் தேடுவது எப்படி என்று காட்டப்போகிறேன். நைலான் கயிறு கட்டி மணலைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். மூன்று காலை, ஒவ்வொரு கட்டமாக, வட்டத்தைத் தரையை ஒட்டி ஒரே சீராக ஆட்டினேன். ஒவ்வொரு கட்டத்தையும் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை. ஆணி, தூண்டில் முள், படகிலிருந்து விழுந்த ஒரு பித்தளைத் திருகு. தொண்ணூறுக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. குப்பைத் தகடுகள் அங்கே எக்கச்சக்கம் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவற்றுக்குத்தான் வாயடைத்திருந்தேனே. என் வேலை எவ்வளவு சுத்தமாக நடக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் கயிற்றைச் சுருட்டும்போது ஒரு சின்னக் கூட்டம் நின்றது. மாமியார் கருவாட்டுக் கூடையை விட்டு எழுந்து வந்தாள். புருஷனும் வலையைக் கையில் வைத்தபடி நின்றான்.

"இல்லம்மா. இந்த இடத்துல தங்கம் கிடையாது" என்றேன்.

"நல்லாப் பாத்தியா சார்?" என்றாள் மீன்காரம்மா.

கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. என் அறிக்கையை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாமியார் குறுக்கே வந்தாள். "மிஷின் தப்பா சொல்லுமா நைனா?"

"மிஷின் பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லுவாங்க" என்றேன்.

இதை யோசித்துச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம், நாக்கிலேயே இருந்தது. புருஷன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலையோடு போய்விட்டான். நான் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் என்று ஞாபகம்.

இரண்டு வாரம் கழித்து என் மனைவி மீன் பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, கை கழுவாமலேயே கூடத்துக்கு வந்தாள்.

"அந்தப் பொண்ணு புருஷன் அவ கையால சாப்பிடறதில்லையாம். தெரியுமா?"

"எந்தப் பொண்ணு?"

"மீன்காரம்மா. ஆத்தா வீட்டுல சாப்பிட்டுட்டு ஆத்தா வீட்டுலயே படுத்துக்கறானாம். அவ அண்ணன் வந்து சத்தியம் பண்ணியிருக்கான், அடிச்சு விரட்டாத குறையா அனுப்பியிருக்காங்க. கேட்டா, மிஷின் வச்ச சாரே சொல்லிட்டாருன்னு சொல்றாங்களாம்."

"நான் இல்லாததை இல்லைன்னு சொன்னேன். அதுக்கு என்ன பண்ண முடியும்?"

"அந்த மிஷினை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள் அவள்.

மொட்டைமாடிக்குப் போனோம். அவள் தாலியைக் கழற்ற மாட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு கழற்றியதே இல்லை. சங்கிலியை முடிந்தவரை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஷினின் வட்டத்தை அதன் முன்னால் ஆட்டினேன். சத்தம் இல்லை. கிட்டே கொண்டுபோனேன். இல்லை. ஏறக்குறைய இடித்துவிடும் தூரத்தில் ஆட்டினேன். மிஷின் சும்மா இருந்தது. பட்டனை அழுத்தி, வாயடைத்த எண்களையெல்லாம் திறந்துவிட்டு மறுபடி ஆட்டினேன். மென்மையாக, தெளிவாக ஒரு மணியோசை. திரையில் ஐம்பத்து மூன்று. மாத்திரை அட்டை என்று நான் ஒதுக்கிய அதே சத்தம், அதே எண்.

"முப்பது வருஷமா போட்டிருக்கேன். உங்க மிஷினுக்கு இது குப்பைன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள் என் மனைவி. துணிக்கொடியில் காய்ந்ததை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

அன்று அந்தப் புத்தகத்தை எடுத்தேன். நண்பனுக்கு வாழ்த்து சொன்ன பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே, கட்டம் போட்டு, எழுதியிருந்தது: சின்னத் தங்க நகைகள் அலுமினியத் தகடு இருக்கும் அதே வரிசையில்தான் ஒலிக்கும், குப்பை என்று ஒதுக்கினால் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்குகிறீர்கள். மிஷின் உலோகத்தின் விலையைப் பார்ப்பதில்லை. விலையைப் பார்த்தது நான் என்கிற முட்டாள்தான். தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை பார்த்த எந்தப் பையனாவது அளவுக்கருவியைச் சரிபார்க்காமல் சான்று எழுதியிருந்தால் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இரண்டு பேரை அப்படி அனுப்பியும் இருக்கிறேன்.

ஐப்பசி மழை எந்த நாளும் பிடித்துக்கொள்ளலாம். ஒரு நல்ல மழை போதும், அந்த மணல் முழுக்கப் புரண்டுவிடும். மறுநாள் காலையில் போய் அதே கட்டங்களைக் கட்டினேன். இந்தத் தடவை எந்த எண்ணையும் அடைக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் மண்டியிட்டுத் தோண்டினேன். மாத்திரைத் தகடு, பாக்குப் பொட்டலம், வளையம், மறுபடி தகடு. முதல் நாள் பை நிறையக் குப்பை. இரண்டாம் நாள் இன்னொரு பை. நான் ஏளனம் செய்த நடைப்பயிற்சி ஆசாமிகள் வந்து நின்று பார்த்தார்கள். அதில் ஒருவர் குனிந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். மீன்காரம்மா தன் இடத்தில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அவள் எதிர்பார்ப்பு ஏதும் வைக்கவில்லை என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது.

நான்காம் நாள், ஒரு ஃபைபர் படகின் நிழல் விழும் கட்டத்தில், நாற்பத்தேழு. இன்னொரு தகடுதான் என்று அலுப்போடு கையை விட்டேன். ஒரு சாண் ஆழத்தில், அறுந்த மஞ்சள் கயிற்றின் துண்டோடு தாலி வந்தது. அதே கட்டத்தை நான் நீளவாக்கில் ஒரு தடவையும் குறுக்குவாக்கில் ஒரு தடவையும் கடந்திருக்கிறேன். மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அதற்குள் மாமியார் எழுந்து வந்துவிட்டாள்.

"இது எப்டி வந்துச்சு? அன்னிக்கு மிஷின் இல்லன்னு சொல்லிச்சே. மிஷின் பொய் சொல்லாதுன்னு நீதான சார் சொன்ன? அண்ணங்காரங்கிட்ட திருப்பி வாங்கிக்கினு வந்து மண்ணுல சொருகி வச்சிட்டா" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சத்தம் கேட்டு புருஷன் படகிலிருந்து இறங்கி வந்து நின்றான். அவன் முகத்திலும் அதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த சான்று, நானே வந்து அழித்தாலும் அழியாத அளவுக்கு அங்கே பதிந்துபோயிருந்தது.

தாலியை அவளிடமிருந்து வாங்கி எல்லாரும் பார்க்க மணலில் வைத்தேன். மிஷினில் மறுபடி நாற்பது முதல் அறுபது வரை அடைத்து அதன் மேல் ஆட்டினேன். சத்தம் இல்லை. மாமியாரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். தாலி கண்ணெதிரே கிடக்கிறது, மிஷின் வாயைத் திறக்கவில்லை. பிறகு அடைப்பை எடுத்துவிட்டு ஆட்டினேன். மணியோசை. நாற்பத்தேழு.

"அன்னிக்கு மிஷின் தப்பு பண்ணலம்மா. இந்தச் சத்தமெல்லாம் குப்பைன்னு நினைச்சு நான்தான் அதை அடைச்சு வச்சிருந்தேன். தங்கத்தை வச்சு ஒரு தடவைகூடச் சரிபார்க்கலை. தப்பு என்னோடது. இவங்க சொன்னது அத்தனையும் நிஜம்" என்றேன். முப்பத்தோரு வருடத்தில் நான் சொல்லாத வாக்கியம். சொல்லும்போது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

மாமியார் இன்னொரு தடவை ஆட்டிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அடைத்தால் மௌனம், திறந்தால் ஓசை. "அட, ஆமா. அப்ப மண்ணுலதான் இருந்துகீது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். ஏதோ அவளே கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது அந்தக் குரல். புருஷன் குனிந்து தாலியை எடுத்து, வேட்டியில் மணலைத் துடைத்தான். பக்கத்துப் பெண் ஒருத்தி ஓடிப்போய்ப் புதுக் கயிறு கொண்டுவந்தாள். அவன் அதில் தாலியைக் கோர்த்துக்கொண்டு மனைவியின் கழுத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனான்.

அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"நான் சொன்னப்ப நீ நம்பல. எங்கண்ணன் சத்தியம் பண்ணப்ப நம்பல. இந்தக் குச்சி கத்துனதும் நம்புற" என்றாள். குரல் உயரவே இல்லை. "போ, அந்தக் குச்சிக்கே கட்டு."

அவன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். மீன்காரம்மா போய்த் தன் பலகையில் உட்கார்ந்து அரிவாள்மனையை இழுத்து வைத்துக்கொண்டாள். கழுத்தில் அந்த மஞ்சள் கிழங்கு வாடிச் சுருங்கிப்போயிருந்தது. நான் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கூடைக்கு முன்னால் போய் நின்றேன். எனக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மா சங்கரா என்ன விலை என்று கேட்டாள்.

மீன்காரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். தேறாத உருப்படியைத் தட்டிலிருந்து ஒதுக்கும்போது நான் பார்க்கும் பார்வை எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"தள்ளி நில்லு சார்" என்றாள். "மீன மறைக்கிற."